கரடியின் பெயரில் வகரம் யாருடையது?

2003ஆம் ஆண்டு ஐரோப்பாவின் சிறந்த கால்பந்து வீரருக்கான தங்கப் பந்தை வாங்கியவர் செக் நாட்டின் பாவெல் நெத்வெத். 2021 அமெரிக்க ஓப்பன் இறுதிப் போட்டியில் ஜோகோவிச்சை வீழ்த்தி, ஒரே ஆண்டில் நான்கு கிராண்ட்ஸ்லாம் பட்டம் என்ற அவருடைய கனவைக் கலைத்தவர் ரஷ்யாவின் தனீல் மெத்வெதேவ். இருவர் குடும்பப் பெயரிலும் இருப்பது ஒரே விலங்கு: கரடி. ஒன்று 'நெ' என்று தொடங்குகிறது, மற்றது 'மெ' என்று. ரஷ்யப் பெயரின் வாலில் ஒரு 'எவ்' ஒட்டியிருக்கிறது. அவ்வளவுதான் வேறுபாடு.

இந்த இரண்டுக்கும் மூலமான சொல்லை எந்த ஏட்டிலும் பார்க்க முடியாது. அதைப் பேசியவர்களிடம் எழுத்து இல்லை. போலந்து தொடங்கி பல்கேரியா வரை இன்று வழங்கும் ஸ்லாவிய மொழிகளுக்கெல்லாம் தாயாக இருந்த பேச்சு அது. தொல்திராவிடம் என்கிறோமே, அதைப் போல இதைத் தொல்ஸ்லாவியம் என்போம். கிறித்தவப் போதகர்களான சகோதரர்கள் சிரிலும் மெத்தோடியுசும் மொராவியாவுக்கு (இன்றைய செக் நாட்டுப் பகுதி) பயணமான 863ஐ ஒட்டித்தான் ஸ்லாவியப் பேச்சுக்கு எழுத்து வாய்த்தது. அதற்குள் அந்தப் பொது மொழி கிளை பிரியத் தொடங்கிவிட்டது. ஆகவே தொல்ஸ்லாவியச் சொற்களையெல்லாம் மகள் மொழிகளை அருகருகே வைத்துப் பின்னோக்கிக் கணக்குப் போட்டுத்தான் எடுக்கிறார்கள். அப்படி எடுத்த சொல்லுக்கு முன்னால் ஒரு நட்சத்திரக் குறி போடுவது வழக்கம். 'இது கணக்கில் வந்தது, கண்ணால் கண்டதல்ல' என்ற ஒப்புதல் அது.

கரடிக்கு அப்படிக் கிடைத்த வடிவத்தைத் தமிழில் எழுதினால் *மெத்வேதி என்று வரும். படிக்கும்போது இரண்டு விஷயங்களை நினைவில் வைத்துக்கொள்ள வேண்டும். இதில் வரும் தகரம் எல்லாம் 'நதி'யில் வரும் மெல்லிய தகரம். 'பத்து'வில் வருவது அல்ல. கடைசி இகரம் முழு இகரமும் அல்ல. தமிழ் இலக்கணம் குற்றியலிகரம் என்று சொல்கிறதே, ஏறக்குறைய அந்த அளவுக்குத் தேய்ந்த ஒலி. தொல்ஸ்லாவியத்தில் குற்றியலிகரமும் குற்றியலுகரமும் தனித்தனி உயிர்களாகவே இருந்தன. சொல் இறுதியில் அவை பிற்காலத்தில் எல்லா மகள் மொழிகளிலும் உதிர்ந்துபோயின. முழு இகரமும் முழு உகரமும் வரும் இடங்களில் குழப்பம் வராமலிருக்க ஈ, ஊ என்று நெடிலாகவே எழுதுகிறேன்.

*மெத்வேதி ஒரு கூட்டுச்சொல். முதல் பாதி தேன் என்பதில் யாருக்கும் சந்தேகம் இல்லை. தேனுக்குத் தொல்ஸ்லாவியப் பெயர் *மெது. சமஸ்கிருத மதுவோடு உடன்பிறந்தது. நம் மதுவிலக்குத் துறையின் பெயர்ப் பலகையில் இருக்கும் 'மது'வும் அங்கிருந்து இரவல் வந்ததுதான். தேன், தேனிலிருந்து காய்ச்சிய மது என்ற இரு பொருளும் ஸ்லாவியச் சொல்லுக்கும் உண்டு. வழக்கு வருவது சொல்லை எங்கே வெட்டுவது என்பதில்.

சாதாரண ரஷ்யரைக் கேட்டால் 'மெத்' என்றால் தேன், 'வேத்' என்றால் அறிவது, ஆக மெத்வெத் என்றால் 'தேன் இருக்கும் இடம் அறிந்தவன்' என்று உடனே சொல்லிவிடுவார். ரஷ்ய மொழியில் அறிதலைக் குறிக்கும் 'வேத்' என்ற வேர் உண்மையிலேயே இருக்கிறது. அது நம் 'வேத'த்தின் உறவுக்கார வேர். தமிழ் வாசகரும் இந்தப் பொறியில் விழ எல்லா வாய்ப்பும் உண்டு. மது, வேதம் இரண்டுமே நமக்குத் தெரிந்த சொற்கள். இரண்டையும் ஒட்டினால் கரடியின் சுபாவத்துக்குப் பொருத்தமான பொருளும் கிடைக்கிறது. இவ்வளவு கச்சிதமாகப் பொருந்தும் சொல்லாராய்ச்சி பெரும்பாலும் தப்பாக இருக்கும் என்பது என் அனுபவம்.

சரியான வெட்டு ஓர் எழுத்து தள்ளி இருக்கிறது: மெத்வ் + ஏத். இந்த 'ஏத்' உண்பதைக் குறிக்கும் வேர். சமஸ்கிருதத்தில் 'அத்', லத்தீனில் 'எதோ'. 'அத்' வேரிலிருந்து பிறந்ததுதான் 'அன்னம்', அதாவது உண்ணப்படுவது. ஆக கரடியின் பெயரில் இருப்பது வேதம் அல்ல, அன்னம். கரடி தேனை அறிந்தவன் அல்ல, தேனைத் தின்பவன்.

அப்படியானால் நடுவில் நிற்கும் வகரம் தேனுடையது. தேன் *மெது என்றல்லவா முடிகிறது, வகரம் எங்கிருந்து வந்தது? இங்கே 'திரு + அடி = திருவடி' நினைவுக்கு வரலாம். ஆனால் அது வேறு கதை. திருவடியில் உகரம் அப்படியே இருக்க, இடையில் ஒரு வகரம் உடம்படுமெய்யாக நுழைகிறது. இங்கே உகரமே வகரமாக மாறிவிட்டது. சமஸ்கிருதத்தில் மது + அத் = மத்வத் என்று ஆகும் சந்திதான் இது. அந்தச் சொல் கற்பனையும் அல்ல. ரிக்வேதத்தின் முதல் மண்டலம், 164ஆம் சூக்தம், 22ஆம் மந்திரத்தில் ஒரு மரத்தில் வந்து அமரும் பறவைகளை 'மத்வத', தேன் உண்பவை, என்று சொல்லியிருக்கிறது. அங்கே பறவை, இங்கே கரடி. சொல் கட்டிய விதம் ஒன்றே.

இந்த வகரத்துக்குப் பின்னால் ஒரு முழு இலக்கணப் பிரிவே ஒளிந்திருக்கிறது. தொல்ஸ்லாவியப் பெயர்ச்சொற்கள் பழைய ஈறுகளின்படி வகுப்பு வகுப்பாகப் பிரிந்து, ஒவ்வொரு வகுப்பும் தனக்கென வேற்றுமை உருபுகளை வைத்திருந்தது. தமிழில் மரம் 'மரத்தை' ஆகும், வீடு 'வீட்டை' ஆகும். சாரியையும் இரட்டிப்பும் மாறினாலும் 'ஐ' மாறாது. அங்கே உருபே வகுப்புக்கு வகுப்பு மாறும். எண்ணும் வேற்றுமையும் ஒரே ஈற்றில் கரைந்திருக்கும், பிரித்தெடுக்க முடியாது. ஒருமை, பன்மை தவிர இருமையும் தனி.

தேன் உகர வகுப்பைச் சேர்ந்தது. தேனின் என்பதற்கு *மெதூ, தேனுக்கு என்பதற்கு *மெதொவீ, பன்மை எழுவாய் *மெதொவெ. ஈறு உயிரில் தொடங்கும் சில இடங்களில் பழைய உகரம் 'ஒவ்' என்று விரிவதைப் பாருங்கள். கூட்டுச்சொல்லில் வெறும் 'வ்' ஆக நிற்பதும் அதே உகரம்தான். இந்த வகுப்பில் நிச்சயமாகச் சேர்ந்தவை என்று சொல்லத்தக்க சொற்கள் மிகக் கொஞ்சம்: மகன், வீடு, எருது, உச்சி, பாதி, தேன் ஆகியவையும் இன்னும் சிலவும். ஒரு கை விரல்களுக்குச் சற்று மேலே போகும்.

இவ்வளவு சின்ன வகுப்பு அழிந்திருக்க வேண்டும். அழியத்தான் செய்தது. ஆனால் அழிவதற்குள் தன் உருபுகளை ஊரெல்லாம் பரப்பிவிட்டது. காரணம் எளிது. ஆண்பால் பெயர்களின் பெரிய வகுப்பில் 'கழுதைகளின்' போன்ற பன்மை ஆறாம் வேற்றுமையும் 'கழுதை' என்ற ஒருமை எழுவாயும் ஒரே மாதிரி தேய்ந்த உகரத்தில் முடிந்தன. எது எது என்று தெரியாது. தேன் வகுப்பிலோ அந்த இடத்தில் 'ஒவு' என்று கணீரென்ற ஈறு இருந்தது. அதை எல்லோரும் கடன் வாங்கிக்கொண்டார்கள். இன்றைய ரஷ்யப் பன்மையின் 'ஒவ்', போலந்து மொழியின் 'உவ்', போலந்து, செக், உக்ரைனிய மொழிகளில் நான்காம் வேற்றுமைக்கு வரும் 'ஒவி', பல்கேரியப் பன்மையின் 'ஒவெ', செர்பியப் பன்மையின் 'ஒவி' எல்லாம் அந்தச் சில சொற்களின் சொத்து. தேன் மட்டும் தன் பழைய பழக்கத்தை ரஷ்ய மொழியில் இன்னும் விடவில்லை. 'ஒரு கரண்டி தேன்' என்னும்போது தேன் அங்கே 'மியோது' ஆகும். கை தேனில் நனைந்திருந்தால் 'வ் மெதூ'. இரண்டும் பழைய உகர வகுப்பின் ஈறுகள்.

இனி தகரங்கள். *மெத்வேதியில் இரண்டு தகரம். ஸ்லாவியக் காதுக்கு இரண்டும் ஒன்றே. ஆனால் அவை வெவ்வேறு பிறப்பு. சமஸ்கிருதத்தைப் பார்த்தால் தெரியும்: 'மது'வில் வருவது மூச்சு கலந்த தகரம், நாகரி வரிசையின் நான்காம் எழுத்து, 'அத்'தில் வருவது மூச்சு கலவாத மூன்றாம் எழுத்து. தமிழ் எழுத்து இந்த வேறுபாட்டைக் காட்டுவதில்லை. ஸ்லாவிய நாக்கும் காட்டவில்லை. இரண்டும் கலந்து ஒன்றாகிவிட்டன.

ஆனால் கலப்பதற்கு முன் ஒரு தடயத்தை விட்டுப் போயின. வெர்னர் வின்டர் என்ற ஜெர்மன் மொழியியலாளர் 1978இல் வெளியிட்ட ஒரு கட்டுரையில், பால்டிக் (லித்துவேனியம் போன்றவை), ஸ்லாவிய மொழிகளில் மூச்சு கலவாத அந்த மென்தகரத்துக்கு முன்னால் நின்ற குறில் நெடிலாகிவிடுகிறது என்றார். மூச்சு கலந்த தகரத்துக்கு முன்னால் அப்படி ஆவதில்லை. க, ப வரிசைகளுக்கும் இதே விதிதான். இதை வைத்துக் கரடியைப் பாருங்கள். முதல் பாதியில் 'மெ' குறிலாகவே நிற்கிறது, பின்னால் வருவது மூச்சு கலந்த தகரம். இரண்டாம் பாதியில் 'ஏ' நெடிலாகிவிட்டது, பின்னால் வருவது மூச்சு கலவாத தகரம். விதியும் விதிவிலக்கும் ஒரே சொல்லுக்குள். லித்துவேனிய மொழியிலும் தேன் 'மெதுஸ்', எகரம் குறில். விலங்கு தின்கிறது என்பதற்கு 'ஏத', ஏகாரம் நெடில். வின்டரின் விதியை முழுதாக ஏற்காதவர்களும் இருக்கிறார்கள். 'உண்' வேரின் நெடிலுக்கு வேறு காரணம் சொல்பவர்களும் உண்டு. எனக்கென்னவோ, ஒரே சொல்லின் இரு பாதியும் இப்படி ஆளுக்கொரு பக்கம் சாட்சி சொல்வதைப் பார்த்த பிறகு அந்த விதியின் மேல் நம்பிக்கை கூடிவிட்டது.

கரடிக்கும் ஒரு வகுப்பு வேண்டும். அகராதிகளில் இது பற்றிக் கொஞ்சம் தடுமாற்றம் தெரியும். இன்றைய ரஷ்யக் கரடி 'ய' கலந்த ஒகர வகுப்பின் உருபுகளை ஏற்கிறது: மெத்வேத், கரடியின் என்றால் மெத்வேத்ய. ஆதியிலேயே அப்படித்தானா? இல்லை என்பதற்கு ஒரு நல்ல சோதனை இருக்கிறது. தகரத்தோடு யகரம் சேர்ந்த இடமெல்லாம் மகள் மொழிகளில் வேறு வேறு ஒலியாக உருமாறியது. எல்லை, வரப்பு என்று பொருள்படும் *மெத்யா இன்று ரஷ்ய மொழியில் 'மெழா' (இந்த ழகரம் பிரெஞ்சு ஒலிப்பில் வரும் ஜகரம்), போலந்து மொழியில் 'மியெத்ஸா', செர்பிய மொழியில் 'மெஜா'. கரடியின் ஈற்றிலும் ஆதியில் யகரம் இருந்திருந்தால் அதன் கடைசித் தகரமும் இப்படி உருமாறியிருக்க வேண்டும். மாறவில்லை. ரஷ்யக் கரடிக்கும் செர்பியக் கரடிக்கும் தகரம் தகரமாகவே இருக்கிறது. போலந்துக் கரடியின் ஈற்றில் நிற்பது இகரம், எகரம் போன்ற உயிர்களுக்கு முன்னால் வரும் மென்மையான ஒலி. ஆக, அது இகர வகுப்பு. யகரம் வெளியிலிருந்து சேரும் இடத்தில் மட்டும் மாற்றம் எட்டிப் பார்க்கிறது. 'கரடியினுடைய' என்ற பெயரடை ரஷ்ய மொழியில் 'மெத்வேழி', செர்பிய மொழியில் 'மெத்வெஜி'. தெற்கு செர்பியாவில் மெத்வெஜா என்று ஓர் ஊரே இருக்கிறது.

இகர வகுப்பில் கரடியை வேற்றுமைப்படுத்திப் பார்த்தால் கொஞ்சம் வேடிக்கையாக இருக்கும். எழுவாய் *மெத்வேதி. கரடியின் என்றால் *மெத்வேதீ. கரடிக்கு என்றாலும் *மெத்வேதீ. கரடியிடத்தில் என்றாலும் அதுவே. கரடியே என்று கூப்பிட்டாலும் அதுவே. இரண்டு கரடிகள் என்றால்? *மெத்வேதீ. 'கரடிகளை'? அதற்கும் *மெத்வேதீ. ஒரு வடிவம் ஆறு வேலை பார்க்கிறது. கரடியால் என்பதற்கு *மெத்வேதிமி, கரடிகள் என்பதற்கு *மெத்வேதியெ, கரடிகளுக்கு என்பதற்கு *மெத்வேதிமு என்று தனித்தனி வடிவங்கள் இருந்தன என்பது ஓர் ஆறுதல்.

இதைவிடப் பெரிய சங்கடம் இரண்டாம் வேற்றுமையில். பழைய நிலையில் எழுவாய்க்கு 'இஸ்' என்றும் செயப்படுபொருளுக்கு 'இம்' என்றும் ஈறு இருந்தது. லத்தீனிலும் சமஸ்கிருதத்திலும் அந்த ஸகர மகரங்களை இன்றும் பார்க்கலாம். தொல்ஸ்லாவியம் ஒரு கட்டத்தில் எல்லா அசையும் உயிரில்தான் முடிய வேண்டும் என்று பிடிவாதம் பிடித்தது. சொல் இறுதி மெய்கள் கொட்டிப்போயின. 'இஸ்', 'இம்' இரண்டும் தேய்ந்து ஒரே குற்றியலிகரம் ஆயின. விளைவு: கரடி என்றாலும் கரடியை என்றாலும் *மெத்வேதி. வேடன் என்ற சொல்லுக்கும் இதே கதி. ஸ்லாவிய வாக்கியத்தில் சொல் வரிசை தமிழைப் போலவே தாராளமானது; யார் முன்னால் வந்தாலும் வரலாம். 'வேடன் கரடி கண்டான்' என்ற அளவில் வாக்கியம் நின்றுவிட்டால் யார் யாரைக் கண்டது என்று எப்படித் தெரியும்? காட்டில் அது அற்பமான கேள்வி அல்ல.

ஸ்லாவியப் பேச்சு இதற்குக் கண்ட வழி சாமர்த்தியமானது. உயிருள்ள ஆண்பால் பெயர்களுக்கு மட்டும், இரண்டாம் வேற்றுமையின் இடத்தில் ஆறாம் வேற்றுமை வடிவத்தைக் கொண்டுவந்து வைத்தது. முதலில் மனிதர்களுக்கு, பிறகு மெல்ல மெல்ல விலங்குகளுக்கு. ரஷ்ய மொழியில் இன்றும் 'கரடியைப் பார்த்தேன்' என்பதில் வருவது 'கரடியின்' வடிவம். 'மேசையைப் பார்த்தேன்' என்பதில் மேசை எழுவாய் வடிவத்திலேயே கிடக்கும். நமக்கு இது அந்நியம் அல்ல. 'மரம் வெட்டினான்' என்று ஐ இல்லாமல் சொல்கிறோம். 'முருகன் அடித்தான்' என்று சொல்லிவிட்டு முருகனுக்கு அடி விழுந்ததாக யாரும் எடுத்துக்கொள்ள மாட்டார்கள். இரு மொழிக் குடும்பத்துக்கும் கொடுக்கல் வாங்கல் இல்லை; தேவை ஒன்றாக இருந்திருக்கிறது.

இந்த நெருக்கடியில் இகர வகுப்பு ஆண்பால் பெயர்களுக்கு உதவாமல் போயிற்று. ஆறாம் வேற்றுமையும் நான்காம் வேற்றுமையும் ஒன்றாக இருக்கும் இடத்தில் அதைக் கடன் வாங்கி என்ன லாபம்? விருந்தாளி, மருமகன், புறா, கரடி என்று ஒவ்வொன்றாக வெளியேறின. ரஷ்யக் கரடி யகர வகுப்புக்குப் போனது. செக் கரடியும் ஸ்லோவேனியக் கரடியும் யகரம் கலவாத வல்லீற்று வகுப்புக்குப் போய், கரடியின் என்பதற்கு முறையே மெத்வியெதா, மெத்வேதா என்றாயின. எலும்பு, இரவு போன்ற பெண்பால் சொற்கள் மட்டும் பழைய வீட்டிலேயே தங்கிவிட்டன. ஆண்பாலில் ரஷ்ய மொழியில் கடைசியாக மிஞ்சியது ஒரே ஒரு சொல், பாதை என்று பொருள்படும் 'பூத்'. ரஷ்ய மொழி படிக்கும் மாணவர்களை இன்றுவரை படுத்தியெடுக்கும் விதிவிலக்கு அது.

இவ்வளவு இலக்கணத்தைச் சுமக்கும் இந்தச் சொல் முதலில் எதற்காகப் பிறந்தது? கரடிக்கு ஏற்கெனவே நல்ல பெயர் இருந்ததே. சமஸ்கிருதம், லத்தீன், தொல்ஸ்லாவியம் எல்லாவற்றுக்கும் மூதாதையான இந்தோ-ஐரோப்பிய மூல மொழியின் கரடிச் சொல் கிரேக்கத்தில் 'ஆர்க்தொஸ்', லத்தீனில் 'உர்சுஸ்', சமஸ்கிருதத்தில் 'ருக்ஷ' என்று வாழ்கிறது. இன்றைய துருக்கிப் பகுதியில் பண்டு வழங்கிய ஹிட்டைட் மொழியிலும் உண்டு. ஆர்க்டிக் என்ற பெயரும் கிரேக்கக் கரடியிலிருந்து வந்ததுதான். வடவானின் பெருங்கரடி விண்மீன் கூட்டம் காரணம். ஆனால் வடக்கே போகப் போக அந்தச் சொல் காணாமல் போகிறது. ஜெர்மானிய மொழிகளில் கரடி 'பழுப்பு நிறத்தவன்' என்பது வழக்கமான விளக்கம். லித்துவேனிய மொழியில் 'லொக்கீஸ்', அதுவும் வேறு சொல். ஸ்லாவியரிடம் 'தேன் தின்பவன்'. கரடியோடு ஒரே காட்டில் பிழைத்தவர்கள் அதன் பெயரைச் சொன்னால் வந்துவிடும் என்று பயந்தார்கள், அதனால் சுற்றி வளைத்துச் சொன்னார்கள் என்பது பிரெஞ்சு மொழியியலாளர் ஆந்துவான் மெய்யே 1906இல் விரித்துச் சொன்ன கருத்து. ராத்திரியில் பாம்பைப் 'பூச்சி' என்று சொல்லும் பாட்டிகளைப் பார்த்தவர்களுக்கு இதில் ஆச்சரியம் இருக்காது. இதற்கு நேரடிச் சான்று காட்ட முடியாது என்பதையும் சொல்லிவிட வேண்டும். தெற்கே நிலைத்த சொல் வடக்கே மூன்று கிளைகளில் மறைந்திருக்கிறது, மூன்றும் வேறு வேறு மாற்றுப் பெயர் வைத்திருக்கின்றன என்பதுதான் வாதத்தின் பலம்.

தேனைத் தேர்ந்தெடுத்த காரணம் தெளிவு. தேன்பெட்டி வருவதற்கு முன் கிழக்கு ஐரோப்பியக் காடுகளில் உயிருள்ள மரத்தைக் குடைந்து, உயரத்தில் தேனீக்கு வீடு அமைத்துத் தேன் எடுத்தார்கள். போலந்திலும் பெலாரஸிலும் மீட்டெடுக்கப்பட்டிருக்கும் இந்த மரத்தேன் வளர்ப்பு 2020இல் யுனெஸ்கோ மரபுப் பட்டியலில் சேர்ந்தது. கரடி மரமேறும். அதைத் தடுக்க மரப்பொந்தின் வாயருகே ஒரு கட்டையைக் கயிற்றில் தொங்கவிடுவார்கள். கரடி அதைத் தள்ளும், கட்டை ஊஞ்சலாடித் திரும்பி வந்து முகத்தில் அடிக்கும், கரடி கோபத்தோடு இன்னும் பலமாகத் தள்ளும். கடைசியில் கீழே விழும். தேனுக்காக இப்படி அடிவாங்கும் விலங்கை வேறு என்ன பெயர் சொல்லி அழைப்பது?

தேன் எவ்வளவு புழங்கியது என்பதற்கு வெளியாள் ஒருவரின் சாட்சியும் இருக்கிறது. 5ஆம் நூற்றாண்டின் நடுவில் ஹூணர்களின் அரசன் அட்டிலாவிடம் தூது போன கிழக்கு ரோமானியக் குழுவில் இருந்த பிரிஸ்கஸ், வழியில் கிராமத்தார் திராட்சை மதுவுக்குப் பதிலாக உள்ளூரில் 'மெதொஸ்' எனப்படும் பானத்தைத் தந்தார்கள் என்று எழுதினார். அது ஸ்லாவியச் சொல்லா ஜெர்மானியச் சொல்லா என்று இன்னும் சண்டை ஓயவில்லை. அந்தத் திசையெங்கும் தேன்மதுவுக்கு இதே வேர்தான்.

கரடிக்கு வைத்த மாற்றுப் பெயரும் நாளடைவில் 'உண்மைப் பெயர்' ஆகிவிட்டது. உடனே அதையும் சொல்லப் பயந்தார்கள். ரஷ்ய நாட்டுப்புறத்தில் கரடி 'எஜமான்', 'கோணல் பாதன்', 'மிஹயீல் பொத்தாபிச்' என்று அடுத்த சுற்றுப் பெயர்களைப் பெற்றது. 1980 மாஸ்கோ ஒலிம்பிக்கின் சின்னமான மிஷா கரடி அந்த மிஹயீலின் செல்லப் பெயர்தான். பல்கேரியர்கள் *மெத்வேதியைக் கைவிட்டு 'மெச்கா' என்கிறார்கள்.

மற்ற மொழிகளில் சொல் தங்கியது, ஆனால் கை கால் மாறிப்போயிற்று. போலந்து மொழியில் மகரம் நகரமாகி 'நியெஜ்வியெஜ்'. பழைய செக்கிலும் நகர வடிவம் உண்டு. பாவெல் நெத்வெத்தின் குடும்பப் பெயரில் அது உறைந்து நிற்கிறது. ஹங்கேரியர்கள் அக்கம்பக்கத்து ஸ்லாவியரிடமிருந்து 'மெத்வெ' என்று கடன் வாங்கினார்கள். அவர்களுடைய சொந்தத் தேன் 'மேஸ்', அது பல ஆயிரம் ஆண்டுகளுக்கு முன் அவர்கள் முன்னோர் இந்தோ-ஐரோப்பியரிடம் பெற்ற அதே மது. ஒரே சொல்லை இரண்டு முறை கடன் வாங்கி, இரண்டுக்கும் தொடர்பே தெரியாமல் வைத்திருக்கிறார்கள்.

உக்ரைனியம்தான் எனக்குப் பிடித்த வழக்கு. அங்கே கரடி 'வெத்மீத்': இரு பாதியும் இடம் மாறிவிட்டன. அறிதல் முன்னால், தேன் பின்னால். தவறான வெட்டு பேச்சுக்குள்ளேயே புகுந்து சொல்லைத் திருப்பிப் போட்டுவிட்டது. இது வெறும் எழுத்து மாற்றம் அல்ல என்பது வேற்றுமையில் தெரியும். பழைய ஏகாரம் உக்ரைனியத்தில் எப்போதும் இகரமாகிவிடும். உருபு சேர்ந்தாலும் மாறாது. பனி என்ற 'ஸ்னீஹ்', பனியின் என்னும்போதும் 'ஸ்னீஹு'தான். கரடியோ எழுவாயில் 'வெத்மீத்', ஆறாம் வேற்றுமையில் 'வெத்மெத்ய' என்று எகரத்துக்குத் திரும்புகிறது. எகரம் தேனின் எகரம். அந்த அசையில் இப்போது உட்கார்ந்திருப்பது 'உண்' அல்ல, 'தேன்'.

இன்னொரு கட்டுக்கதையையும் இங்கேயே தீர்த்துவிடலாம். கரடியின் குகைக்கு ரஷ்ய மொழியில் 'பெர்லோகா'. அதன் 'பெர்' என்பது ஜெர்மன் மொழிக் கரடியான 'பேர்', ஸ்லாவியர் மறைத்துவைத்த கரடியின் ரகசியப் பெயர் அதற்குள் இருக்கிறது என்று இணையத்தில் நிறையப் பேர் சிலிர்த்துக்கொள்கிறார்கள். அதே சொல் செர்பிய மொழியில் 'ப்ர்லொக்', போலந்து மொழியில் 'பார்வுக்'. இரண்டையும் வைத்துப் பின்னோக்கிப் போனால் பகரத்துக்கு அடுத்து வருவது எகரம் அல்ல, தேய்ந்த குற்றியலிகரம், *பிர்லொகு. போலந்து மொழியில் பொருள் வைக்கோல் படுக்கை, செர்பியத்தில் பன்றி புரளும் இடமும்கூட. கரடி அங்கே வாடகைக்குக்கூட இல்லை.

மெத்வெதேவுக்குத் திரும்புவோம். அந்தக் குடும்பப் பெயரின் வாலில் உள்ள 'எவ்', 'ஒவ்' என்ற உடைமை விகுதியின் மென்மையான வடிவம்: கரடி என்று பெயர் பெற்றவனின் மகன். ரஷ்யக் குடும்பப் பெயர்களில் பாதி சுமப்பதுபோல் தோன்றும் இந்த 'ஒவ்' எங்கிருந்து கிளம்பியது என்றால், பொதுவாக ஏற்கப்படும் பதில் உகர வகுப்பு. மகன், வீடு, தேன் இருந்த அந்தச் சின்ன வகுப்பு. நியூயார்க் ஆடுகளத்தின் ஸ்கோர் பலகையில் அந்தப் பெயர் ஒளிர்ந்தபோது அதில் இரண்டு வகரம் இருந்தன. நடுவில் இருப்பது தேனின் தேய்ந்த உகரம். கடைசியில் இருப்பது தேனின் வகுப்பு ஊருக்கெல்லாம் கொடுத்த ஈறு. அறிவுக்கு அதில் ஒரு வகரம்கூட இல்லை.